கண்ணாடிப் பேழைக்கு வெளியே 122 குதிரைகள்

ஐரோப்பிய நகரங்களுக்குச் சுற்றுலா செல்லும் தமிழ்க் குடும்பங்களின் பயணத்திட்டத்தில் பாரிசின் லூவருக்கும் ஃபுளோரன்சின் உஃபிசிக்கும் தவறாமல் இடமுண்டு; அதே குடும்பங்கள் திருவனந்தபுரத்துக்குச் சென்றால், கிழக்கேகோட்டையில் இறங்கி, பத்மநாபசுவாமியைத் தரிசித்து, சாலைக் கடைவீதியில் பொருள் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. கோயிலுக்குத் தென்கிழக்கில் நடக்கும் தொலைவிலேயே உள்ள குதிரைமாளிகை, கோயில் வரிசையில் நின்று களைத்தவர்களின் கண்ணில் படுவதில்லை.

1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்டவரும், கர்நாடக இசைக் கீர்த்தனைகளை இயற்றியவருமான சுவாதித் திருநாள் கட்டுவித்த இந்த மாளிகை இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. தந்தத்தாலும் படிகத்தாலும் ஆன அரியணைகளும், ஓவியங்களும், படைக்கலன்களும் உள்ளே இருக்கின்றன என்றாலும், இதன் தலைசிறந்த காட்சிப்பொருள் கட்டடத்தின் வெளிப்புறத்தில்தான் இருக்கிறது. ஓட்டுக்கூரையின் தாழ்வாரத்தைத் தாங்குவதற்காகச் சுவரிலிருந்து சாய்வாக நீட்டப்படும் மரத்தாங்கிகளை வெறும் கட்டைகளாக விடாமல், முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளாகத் தச்சர்கள் செதுக்கியிருக்கிறார்கள். மேல்தளத்தைச் சுற்றி அவ்வாறு நிற்பவை 122.

இவற்றின் நிலையை விளங்கிக்கொள்ள லூவரின் மிகப் புகழ்பெற்ற ஓவியமே உதவுகிறது. மோனாலிசா துணியில் தீட்டப்பட்டதன்று. ஏறக்குறைய 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பாப்லர் மரப்பலகையில் தீட்டப்பட்டது. மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சினால் விரிந்தும், ஈரத்தை இழந்தால் சுருங்கியும், இந்த ஏற்ற இறக்கம் ஓயாது நிகழ்ந்தால் வளைந்தும் வெடித்தும் போகும் என்பதாலேயே, அப்பலகை வெப்பமும் ஈரப்பதமும் சீராக வைக்கப்பட்ட கண்ணாடிப் பேழைக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. கிழக்கேகோட்டையின் குதிரைகளோ, ஜூனில் தென்மேற்குப் பருவமழையையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையையும் ஆண்டுதோறும் எதிர்கொண்டு, இடைப்பட்ட மாதங்களில் கடற்காற்றில் நின்று, கூரையின் பாரத்தையும் சுமந்துகொண்டிருக்கின்றன. தாங்கியைக் கழற்றிப் பேழையில் வைத்தால் கூரை என்னாவது?

நகரின் மற்றோர் எல்லையில், அருங்காட்சியக வளாகத்திலும் இதே சிக்கல் வேறு உருவில் தென்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையை வடிவமைத்த ராபர்ட் சிஷோம் வரைந்த திட்டப்படி 1880இல் நிறைவுற்ற நேப்பியர் அருங்காட்சியகம், காற்று தானே புகுந்து குளிர்விக்குமாறு அமைக்கப்பட்டது; அந்தக் காற்றோடு மழைக்காலத்து ஈரமும் புகவே செய்யும். அதே வளாகத்தில் 1935இல் திறக்கப்பட்ட ஸ்ரீசித்ரா ஓவியக்கூடத்தின் பெருமையாக இருந்தவை ரவிவர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியங்கள். எண்ணெய் வண்ணம் பூசிய துணியில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ரவிவர்மாவின் ஓவியங்களுக்கெனத் தனிக் கலைக்கூடம் அங்கே 2023இல் திறக்கப்பட்டதால் அவற்றைப் பற்றிய கவலை ஓரளவு குறைந்திருக்கிறது. மரக்குதிரைகளுக்கு அந்த வழி இல்லை.

சுமார் இரு நூற்றாண்டுகள் நின்ற மரம் இனியும் நிற்கும் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் கறையானும் உளுப்பும் உள்ளிருந்து அரிப்பவை. வெளித்தோற்றம் கெடும்போது உட்புறம் ஏற்கெனவே தூளாகியிருக்கக்கூடும் என்பதால், அந்த நம்பிக்கையைச் சான்றாகக் கொள்ள இயலாது. 122 குதிரைகளுக்கும் தனித்தனியே எண்ணிட்டு, மழைக்கு முன்னும் பின்னும் படமெடுத்து, விரிசல்களை அளந்து, அந்தப் பதிவேட்டை மாளிகைக்கு வருவோரும் பார்க்கும்படி வைப்பதே இப்போதைக்குச் செய்யத்தக்க காப்பு முறை; கண்ணாடிப் பேழைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குகூட இதற்குத் தேவைப்படாது.

மாளிகைக்குச் செல்வோர் உள்ளே அரியணைகளைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், முற்றத்தில் சற்று விலகி நின்று தாழ்வாரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். திங்கட்கிழமைகளில் குதிரைமாளிகை, நேப்பியர் அருங்காட்சியகம் இரண்டுக்குமே விடுமுறை.