சான்றிதழ் மட்டும் போதுமா?



கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் புது வால்வு வருகிறது. கூடவே டெஸ்ட் சர்டிபிகேட்டும் வருகிறது. அதை ஃபைலில் வைத்துவிட்டு, வால்வை அப்படியே லைனில் மாட்டிடுவாங்களா? பிரஷர் டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டுத்தானே மாட்டணும்! கசிந்தால் ஆபத்து பக்கத்தில் நிற்கிற தொழிலாளிக்கு அல்லவா?

மனித உடம்பைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்கும் இதே நியாயம்தான். சிதம்பரத்தில் பிசியோதெரபி படித்த ஒரு அக்கா ஆஸ்திரேலியா போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டம் கையில் இருந்தாலும் உடனே அங்கே தொழில் செய்ய முடியாது. முதலில் படிப்பு, ஆவணங்கள் சரிபார்ப்பு. அடுத்து எழுத்துத் தேர்வு. பிறகு செய்முறைத் தேர்வு. அதில் இதயம்-நுரையீரல், எலும்பு-தசை, நரம்பு என்று மூன்று பிரிவுகள். ஆஸ்திரேலிய பிசியோதெரபி கவுன்சில் வைத்திருக்கும் பொதுவான வழி இது. இங்கிலாந்திலும் அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறாமல் 'பிசியோதெரபிஸ்ட்' என்று போர்டு மாட்ட முடியாது.

"பட்டம் வாங்கியாச்சு, மறுபடி எதுக்குப் பரீட்சை?" என்று கேட்கத் தோணும். காரணம் இருக்கு. நம்ம ஊரில் பெரும்பாலும் டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் நோயாளி பிசியோதெரபிஸ்டிடம் வருவார். ஆஸ்திரேலியாவில் 1976 முதலே நேராக வரலாம். கெண்டைக்கால் வலி என்று ஒருவர் வருகிறார். வெறும் தசைப்பிடிப்பாக இருக்கலாம். ரத்தக் குழாயில் கட்டிய உறைவாகவும் இருக்கலாம். தெரியாமல் அழுத்திப் பிடித்துவிட்டால், உறைவு பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே உலை வைக்கலாம்! மரத்துப்போன தோலில் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் வெந்துபோவது நோயாளிக்கே தெரியாது. எதைச் செய்யக்கூடாது, யாரை உடனே டாக்டரிடம் அனுப்பணும் என்று தெரிகிறதா? செய்முறைத் தேர்வு முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான்.

நம் நாடும் இதற்கு விதிவிலக்கல்ல. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இணையான படிப்பு முடித்து வரும் நம் பிள்ளைகளுக்கு 2002 முதல் தகுதித் தேர்வு இருக்கிறது. 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுக்கணும். பிசியோதெரபி உள்ளிட்ட துறைகளுக்கு 2021-இல் தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பதிவேடு, வெளிநாட்டுப் படிப்புக்கு அங்கீகாரம் இரண்டுக்கும் அதில் இடம் உண்டு.

ஒன்று மட்டும் உண்மை. தேர்வுக் கட்டணமும் காத்திருப்பும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய பாரம். ஆகவே தேர்வு திறமையை அளக்கட்டும். பிறந்த ஊரை அளக்க வேண்டாம்! எந்த ஊரில் படித்தவராயினும் அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும்.

நாளைக்கு நாமும் டிப்ளமோவோடு துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகலாம். அங்கே வெல்டிங் டெஸ்ட், டிரேடு டெஸ்ட் என்று நிறுத்தினால் அவமானமாக நினைக்காதீர்கள். நம் கைவேலையை நம்பி ஒரு உயிர் நிற்கிறது என்று நினைத்து, தைரியமாகச் செய்து காட்டுங்கள்!