ஏழு பேரில் ஒருவர்

மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் ஆடும் கால்பந்தில், பயிற்சியாளரின் கையைக் கட்டிப்போடும் விதி ஒன்று இருக்கிறது. ஓர் அணிக்குக் களத்தில் ஏழு பேர். அந்த ஏழில் ஒருவராவது உடல் அசைவு மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பாதிப்பு மிகக் குறைந்த பிரிவிலிருந்து ஒருவருக்கு மேல் இறங்கக் கூடாது. ஆட்டம் தொடங்கும் விசிலிலிருந்து முடியும் விசில் வரை இதே கணக்கு. முதல் பிரிவில் ஆள் இல்லையா, ஆறு பேரோடு ஆடிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு கோல் பின்தங்கி, ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போது, இருப்பதிலேயே வேகமான ஆளை இறக்க எந்தப் பயிற்சியாளருக்கும் கை பரபரக்கும். இந்த ஆட்டத்தில் அப்போதும் அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

விதியை எழுதுவது சுலபம். அதிகம் பாதிக்கப்பட்டவர் யார், குறைவாகப் பாதிக்கப்பட்டவர் யார் என்று எதை வைத்து முடிவு செய்வது? இழந்த காலை அளவுநாடா வைத்து அளக்கலாம். பார்வைக் குறைவை எழுத்துப் பலகை வைத்துச் சொல்லலாம். மண்டையோட்டுக்குள் என்றோ நடந்த சேதம் இன்றைக்கு ஒருவர் பந்தோடு திரும்புவதை எவ்வளவு தடுக்கிறது என்பதை எந்த நாடாவும் அளக்காது. சர்வதேச மூளை முடக்குவாதக் கால்பந்துக் கூட்டமைப்பு இருப்பதே பெரும்பாலும் இந்தக் கேள்விக்காகத்தான் என்பேன். ஐ.எஃப்.சி.பி.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பு போட்டி நடத்துகிறது, தரவரிசை போடுகிறது, நடுவர்களைத் தயார்செய்கிறது. அதெல்லாம் எந்த விளையாட்டுச் சங்கமும் செய்கிற வேலை. மனித மூளையைச் சட்டத்துக்குள் அடக்கப் பார்ப்பதுதான் இவர்களுக்கே உரிய வேலை.

மருத்துவமனைகளில் செரிப்ரல் பால்சி என்று சொல்லப்படும் இந்த நிலை தசையின் நோயல்ல. தசைக்கு ஆணை பிறக்கும் இடத்தில்தான் கோளாறு. கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ வளரும் மூளைக்கு ஏற்பட்ட காயம் அது. காயம் பெரிதாவதில்லை. ஆனால் உடல் வளர்வதால் விளைவுகள் மாறிக்கொண்டே போகும். கூட்டமைப்பு இன்னொரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. பக்கவாதத்தாலோ விபத்தில் தலையில் அடிபட்டோ அதே வகை அசைவுக் குறை வந்தவர்களும் ஆடலாம். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுபோல இருந்தால் போதும்.

விளைவுகள் மூன்று வகை. அவற்றில் அதிகம் காணப்படுவது தசை இறுக்கம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பலருக்கு இரு கால்களிலும் இறுக்கம் இருக்கும், கைகள் ஓரளவு தப்பியிருக்கும். மூளையின் நடுவில் திரவம் நிறைந்த அறைகள் உள்ளன. மூளையின் மேற்பரப்பிலிருந்து கீழிறங்கும் நரம்பிழைகளில், கால்களுக்குப் போகும் இழைகளே அந்த அறைகளின் சுவரை ஒட்டிச் செல்கின்றன. கைக்கும் முகத்துக்கும் போகிறவை சற்றுத் தள்ளி. குறைமாதக் குழந்தையின் மூளையில் எளிதில் சேதமாகும் பகுதியும் அந்த அறைச் சுவரோரம்தான். சில மில்லிமீட்டர் இட வித்தியாசம், ஒருவர் எதிர்காலத்தில் எந்தப் பிரிவில் ஆடுவார் என்பதைத் தீர்மானிக்கிறது. காயம் மூளையின் ஒரு பாதியில் மட்டும் என்றால் உடலின் எதிர்ப்பக்கக் கையும் காலும் பாதிக்கப்படும், நரம்பிழைகள் மூளைத்தண்டின் அடியில் பக்கம் மாறுவதால். இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களைக் களத்தில் எளிதாக அடையாளம் காணலாம்: ஒரு முழங்கை மடங்கி மார்போடு ஒட்டியிருக்கும், மறுபக்கக் கால் அற்புதங்கள் செய்துகொண்டிருக்கும்.

இந்த இறுக்கத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. கார் சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தால் வருகிறது, வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்கிறது அல்லவா, அதேபோல இந்தத் தசையும் மெதுவாக நீட்டினால் இணங்கும், வேகமாக நீட்டினால் எதிர்க்கும். தசை திடீரென நீளும்போது தண்டுவடம் தானாகவே அதைச் சுருக்கும். அது எல்லோருக்கும் உள்ள அனிச்சைச் செயல். வழக்கமாக மூளை மேலிருந்து அதை அடக்கி வைக்கும். அடக்கும் பாதை சேதமானால் அனிச்சை கட்டுமீறும். ஆஸ்திரேலிய நரம்பியலாளர் ஜேம்ஸ் லான்ஸ் 1980இல் கொடுத்த வரையறையின் மையமே இந்த வேகச் சார்புதான்.

கால்பந்துக்கு இதன் பொருள் பெரிது. பரிசோதனை மேசையில் படுக்க வைத்து மெதுவாக முழங்காலை மடக்கிப் பார்த்தால் பெரிய குறை தெரியாத ஒருவர், முழு வேகத்தில் ஓடி, நின்று, பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது தடுமாறலாம். எந்த அசைவு ஆட்டத்தில் முக்கியமோ அந்த அசைவில்தான் குறை முழுதாக வெளிப்படும். மேசைச் சோதனை மட்டும் வைத்துப் பிரிவு கொடுத்தால் அநியாயம் நிச்சயம்.

இரண்டாவது வகையில் கைகால்கள் கேளாமலே நெளியும், முறுகும். அதெடோசிஸ் என்பார்கள். மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்புத் திரள்கள் பாதிக்கப்படுவதால் வருவது. பச்சிளங் குழந்தைகளின் கடுமையான மஞ்சள் காமாலை ஒரு காலத்தில் இதற்குப் பெரிய காரணமாக இருந்தது. இரத்தத்தில் ஏறும் பிலிருபின் அந்தத் திரள்களைத் தேடிப்போய் நாசமாக்கும். 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர், குழந்தைகளை வெயிலுக்குத் தூக்கிச்செல்லும் பழக்கம் உள்ளவர், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் நிறம் வெளுத்திருப்பதைக் கவனித்தார். இன்று நம்மூர் மருத்துவமனைகளிலும் மஞ்சள் காமாலைக் குழந்தைகளை நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பதற்கு வேர் அங்கே. விளையாட்டுக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். ஒரு நாட்டு அணியில் எந்த வகைப் பாதிப்பு உள்ளவர்கள் கிடைப்பார்கள் என்பது இருபது ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டுப் பிரசவ வார்டுகள் எப்படி இருந்தன என்பதையும் பொறுத்தது, அதனால்தான்.

அதெடோசிஸ் பதற்றத்தில் கூடும், தூக்கத்தில் மறையும். நாலு பேர் உற்றுப் பார்க்கும் அறையில் ஒரு மாதிரி இருப்பவர் நண்பர்களோடு ஆடும்போது வேறு மாதிரி இருப்பார். மூன்றாவது வகை அட்டாக்சியா, சிறுமூளைப் பாதிப்பால் வரும் சமநிலைக் குறைவும் அசைவுகளின் ஒத்திசைவின்மையும்.

ஆகவே வகைப்படுத்தல் ஒரே அமர்வில் முடிவதில்லை. மருத்துவம் அறிந்தவரும் ஆட்டம் அறிந்தவரும் சேர்ந்த குழு முதலில் அறையில் உடலைச் சோதிக்கும். தசை இறுக்கத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பிடும் ஆஷ்வொர்த் அளவுகோல் போன்றவை அங்கே பயன்படும். அடுத்து மைதானத்தில் பந்தோடு ஓட, குதிக்க, திரும்பச் சொல்வார்கள். அப்புறம் உண்மையான போட்டியில் ஆட விட்டுப் பக்கக்கோட்டில் நின்று பார்ப்பார்கள். மூன்றும் பொருந்தினால்தான் பிரிவு உறுதி. முன்பு சி5 முதல் சி8 வரை நான்கு பிரிவுகள் இருந்தன. 2018 முதல் எஃப்.டி.1, எஃப்.டி.2, எஃப்.டி.3 என்று மூன்று. எண் கூடக்கூடப் பாதிப்பு குறையும். ஸ்பெயினின் எல்சே நகரில் உள்ள மிகெல் எர்னாண்டஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராவுல் ரெய்னாவும் உடன் பணியாற்றியவர்களும் இந்த ஆட்டக்காரர்களின் குதிப்பையும் திசைமாற்றத்தையும் ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். பிரிவுக் கோடுகளை அனுபவசாலியின் கண்ணை மட்டும் நம்பாமல் அளவுகளை வைத்துப் போட வேண்டும் என்பதே அந்த வேலையின் நோக்கம்.

வேண்டுமென்றே தடுமாறி நடித்தால்? அதற்குத் தடை உண்டு. 2000 சிட்னி பாராலிம்பிக்கில் ஸ்பெயினின் அறிவுசார் குறைபாடுடையோர் கூடைப்பந்து அணி தங்கம் வென்றது. அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு எந்தக் குறையும் இல்லை என்று பின்னர் வெளிவந்தது. அறிவுசார் பிரிவுப் போட்டிகளே 2012 வரை பாராலிம்பிக்கில் நிறுத்தி வைக்கப்பட்டன. வகைப்படுத்தலில் சங்கங்கள் காட்டும் கறார்த்தனத்துக்குப் பின்னால் அந்த வடு இருக்கிறது.

மற்ற விதிகள் எளிமையானவை. மைதானம் ஏறக்குறைய 70 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். கோல் 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். பாதிக்கு முப்பது நிமிடம். ஆஃப்சைடு கிடையாது. த்ரோ-இன்னை ஒரு கையால் உருட்டிவிடலாம், மடங்கிய கை தலைக்கு மேல் போகாதவருக்கு அதுதானே நியாயம். ஆனால் எஃப்.டி.1 விதியை அணிகள் சமாளிக்கும் விதம் ஒன்று இருக்கிறது. பல அணிகள் அந்த ஆட்டக்காரரைக் கோல் கீப்பராக நிறுத்திவிடும். சட்டப்படி சரி. ஓடித் திரும்பத் தடுமாறுகிறவரும் ஆடட்டும் என்று எழுதிய விதி, அவரை ஓடவே தேவையில்லாத இடத்துக்கு அனுப்பிவிடுகிறது என்பதும் உண்மை.

இந்த ஆட்டம் சர்வதேச அளவில் தொடங்கியது 1978இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். அதே ஆண்டு உருவான சி.பி.ஐ.எஸ்.ஆர்.ஏ. என்ற பல விளையாட்டுச் சங்கம் நெடுங்காலம் அதை நிர்வகித்தது. 1984 நியூயார்க்கில் பாராலிம்பிக்குக்குள் வந்தது. நாட்டுக்கு நாடு நிர்வாகம் வேறு. இங்கிலாந்து, நெதர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வழக்கமான கால்பந்துச் சங்கமே இந்த அணியையும் பார்த்துக்கொள்கிறது. வேறு பல நாடுகளில் மாற்றுத்திறனாளிகள் விளையாட்டு அமைப்புகள் கையில். உக்ரைனில் மாகாணம்தோறும் அரசு நடத்தும் இன்வாஸ்போர்ட் மையங்கள் உள்ளன. அந்த நாட்டின் மூன்று தங்கங்களுக்கு அடித்தளம் அவை.

தனக்கென்று ஒரு கூட்டமைப்பு வேண்டும் என்று கால்பந்து பிரிந்து வந்தது 2015 ஜனவரியில். அதே ஜனவரியின் கடைசியில் சர்வதேச பாராலிம்பிக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 2020 டோக்கியோவில் எழுவர் கால்பந்து இருக்காது. பாய்மரப் படகுப் போட்டியும் இருக்காது. பேட்மின்டனும் டேக்வாண்டோவும் வரும். பிறந்த மாதத்திலேயே கூட்டமைப்பின் தலையில் இடி. சொல்லப்பட்ட காரணம், ஆட்டம் போதுமான அளவு உலகில் பரவவில்லை என்பது. குழு விளையாட்டு என்றால் குறைந்தது 24 நாடுகளிலும் மூன்று பிராந்தியங்களிலும் தொடர்ந்து ஆடப்பட வேண்டும் என்பது பாராலிம்பிக் குழுவின் அளவுகோல்.

அந்தக் காரணத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ஒன்பது பாராலிம்பிக்குகளின் தங்கப் பட்டியலைப் பாருங்கள்: பெல்ஜியம் ஒன்று, நெதர்லாந்து மூன்று, ரஷ்யா இரண்டு, உக்ரைன் மூன்று. ஒன்றுகூட ஐரோப்பாவுக்கு வெளியே போகவில்லை. ஒன்பது முறையும் ஆண்கள் மட்டுமே ஆடினார்கள். கடைசியாக 2016 ரியோவில், ஊக்கமருந்து விவகாரத்தில் விலக்கப்பட்ட ரஷ்யாவின் இடத்தில் ஈரான் வந்து, இறுதிப் போட்டி வரை போய், கூடுதல் நேரத்தில் உக்ரைனிடம் 2–1 என்று தோற்றது. கதவு கொஞ்சம் திறந்தால் வெளியே யார் நிற்கிறார்கள் என்பதற்கு நல்ல உதாரணம்தான். ஆனால் அது மைதானத்தை விட்டு வெளியேறும் வழியில் நடந்தது.

என் மனத்தாங்கல் அளவுகோலின் மீதல்ல, அது ஓடும் வட்டத்தின் மீது. பல நாடுகளில் மாற்றுத்திறனாளி விளையாட்டுக்கான அரசுப் பணம் பாராலிம்பிக் பதக்கத்தைப் பார்த்தே வருகிறது. பாராலிம்பிக்கில் இல்லாத ஆட்டத்துக்குப் பணமில்லை. பணமில்லாத ஆட்டத்தைப் புதிய நாடு தொடங்காது. புதிய நாடுகள் வராத ஆட்டம் 24ஐக் காட்ட முடியாது. அதிலும் இந்த ஆட்டத்துக்குப் பதினான்கு பேரும் ஒரு பந்தும் போதாது. பயிற்சி பெற்ற வகைப்படுத்தல் குழுவும் வேண்டும். ஏழை நாட்டுக்கு முதல் தடை அதுவே.

இதற்கிடையிலும் வேலை நிற்கவில்லை. பெண்களுக்கு ஐவர் ஆட்டமாக ஒரு வடிவம் உருவாகி, 2022இல் ஸ்பெயினின் சாலோ நகரில் முதல் மகளிர் உலகக் கோப்பை நடந்தது. அமெரிக்கா வென்றது. இறுதிப் போட்டியில் தோற்ற ஆஸ்திரேலிய மகளிர் அணி அந்த ஆண்டுதான் உருவாக்கப்பட்டிருந்தது. பாராலிம்பிக் கைவிட்ட பிறகு வந்த இந்த மகளிர் ஆட்டம், அது கைகொடுத்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் வந்திருக்க வேண்டும். அந்தக் குற்றத்தில் ஆட்டத்தை நடத்தியவர்களுக்கும் பங்குண்டு.

2024 பாரிஸ் பட்டியலிலும் எழுவர் கால்பந்து இடம்பெறவில்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மலையேற்றச் சுவர் விளையாட்டையும் சேர்த்து 23 விளையாட்டுகள் முடிவாகியுள்ளன. பார்வையற்றோர் கால்பந்து அவற்றில் ஒன்று. மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் கால்பந்து அங்கேயும் இல்லை.