சீருடை... கேட்டு வாங்குவதா, கொடுத்து அழைப்பதா? பழவேற்காடு குப்பங்கள் சொல்லும் பதில்!

ஜூன் மாதம் வந்தால் பழவேற்காடு குப்பங்களில் இரண்டு கவலைகள். ஏரியின் முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் மூடிவிட்டதா என்பது ஒன்று. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறதே, பிள்ளைக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது இன்னொன்று.

இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. கோடையில் முகத்துவாரம் அடைபட்டால் கடல் தண்ணீர் ஏரிக்குள் வராது. மீனும் இறாலும் குறையும். கடலிலோ, விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஆக, வருடத்திலேயே கையில் காசு குறைவாகப் புழங்கும் நாள்களில்தான் பை, செருப்பு, நோட்டு, சட்டை என்று செலவுப் பட்டியல் நீளும்.

'அரசுப் பள்ளிகளில் சீருடை கட்டாயமா இருக்க வேண்டுமா?' என்ற கேள்வி நகரத்தில் ஒழுக்கம், சமத்துவம், தனிமனித சுதந்திரம் என்று விவாதமாகும். பொன்னேரி வட்டத்தின் ஏரிக்கரைக் குப்பங்களில் அதற்கு முன்பாக வேறொரு கேள்வி வந்து நிற்கும். அந்தச் சட்டைக்குக் காசு கொடுப்பது யார்?

கிழிசலை மறைக்க வந்த துணி

சீருடை பிறந்த கதையிலேயே ஏழைப் பிள்ளை இருக்கிறது. லண்டனில் 1552-ல் தொடங்கப்பட்ட 'கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்' பள்ளி, ஆதரவற்ற குழந்தைகளுக்கு நீல நிற அங்கியைக் கொடுத்தது. பள்ளிச் சீருடையின் ஆரம்பங்களில் ஒன்றாக இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். பணக்காரப் பள்ளிகள் சீருடையைப் பெருமையாக எடுத்துக்கொண்டது பிற்காலத்தில்தான்.

தமிழ்நாட்டிலும் தொடக்கம் கொடுப்பதில்தான் இருந்தது. காமராஜர் ஆட்சிக் காலத்தில், கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், ஊர் மக்களே மேசை, நாற்காலியோடு பிள்ளைகளுக்குச் சீருடையும் நன்கொடையாக வாங்கிக் கொடுத்தார்கள். 1985-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் அது அரசுத் திட்டமானது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு விலையில்லாச் சீருடை. 2012-13 கல்வியாண்டிலிருந்து வருடத்துக்கு நான்கு செட்.

இந்தத் துணிக்குப் பின்னால் இன்னொரு வயிறும் நிறைகிறது. துணியை நெய்வது நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள். தைப்பது மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கங்கள். பழவேற்காட்டில் ஒரு சிறுமி போட்டுக்கொள்ளும் சட்டையில், எங்கோ ஒரு நெசவாளிக்கும் ஒரு தையல்காரப் பெண்ணுக்கும் கூலி இருக்கிறது.

நான்கு செட் ஏன் முக்கியம்?

ஒரு செட்டோ இரண்டு செட்டோ இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள், வடகிழக்குப் பருவமழையில் ஏரிக்கரையில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். துவைத்த துணி காய்வதே இல்லை. உப்புக் காற்றில் ஈரம் ஒட்டிக்கொண்டே இருக்கும். நேற்று நனைந்த சட்டையை இன்று போட முடியாது. போட வேறு இல்லையென்றால் அன்றைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. நான்கு செட் என்பது அந்த வீடுகளில் ஆடம்பரம் இல்லை, நவம்பர் மாத வருகைப்பதிவு.

சீருடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதுதான் பஸ் டிக்கெட். பள்ளி திறந்து புது பஸ் பாஸ் கைக்கு வரும்வரை, சீருடையில் இருக்கும் மாணவர்களை அரசுப் பேருந்துகளில் கட்டணம் கேட்காமல் ஏற்ற வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் போக்குவரத்துத் துறை அறிவுறுத்துகிறது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் படிக்கப்போகும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. உடம்பில் இருக்கும் துணியே அடையாள அட்டை.

ஏரியில் எல்லை உண்டு, வகுப்பில்?

பழவேற்காடு ஏரி எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்பதை 'பாடு' என்ற பாரம்பரிய முறை தீர்மானிக்கிறது. பாடு உரிமை உள்ள குப்பங்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பனை ஓலையில் கூடையும் பெட்டியும் முடையும் முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள். தொழில், சாதி, மதம் எல்லாம் கரையிலேயே கண்ணுக்குத் தெரியும்.

இந்த வீடுகளின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் பள்ளிக்கூடம். அங்கே யார் வீட்டில் ஃபைபர் படகு இருக்கிறது, யார் வீட்டில் வெறும் கை மட்டும் இருக்கிறது என்பதைச் சட்டை சொல்லிவிடக் கூடாது. சீருடையின் பெரிய நியாயம் இதுதான்.

இதன் அருமை 'கலர் டிரெஸ்' நாளில் தெரியும். பிறந்தநாள், ஆண்டு விழா, பண்டிகைக்கு முந்தைய நாள் என்று கலர் டிரெஸ்ஸுக்கு அனுமதி கிடைக்கும்போது, சில பிள்ளைகள் அன்றைக்கும் சீருடையிலேயே வருவார்கள். மறந்து வந்தவர்கள் இல்லை அவர்கள். வீட்டில் இருப்பதிலேயே நல்ல துணி அதுதான்.

ஆனால், சீருடையால் எல்லாவற்றையும் மறைத்துவிட முடியாது என்பதும் உண்மை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது தமிழக அரசு. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு ஆகியவற்றைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்ட பிறகும், மணிக்கட்டில் ஒரு கயிறாகச் சாதி உள்ளே வந்துவிட்டது என்பதைத்தான் அந்தப் பரிந்துரை சொல்கிறது. சீருடை ஒரு தொடக்கம். மற்றதை ஆசிரியரும் ஊரும்தான் செய்ய வேண்டும்.

அமெரிக்கா கேட்டது, கென்யாவில் கொடுத்தார்கள்

சீருடை போட்டால் படிப்பும் ஒழுக்கமும் கூடுமா? உலக அனுபவம் இரண்டு விதமாகப் பேசுகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லாங் பீச் நகரத்துப் பொதுப் பள்ளிகள் 1994-ல் சீருடையைக் கட்டாயமாக்கின. 1996-ல் அதிபர் கிளின்டனே நாடாளுமன்ற உரையில் சீருடைக்கு ஆதரவாகப் பேசினார். ஆனால் 1998-ல் பிரன்ஸ்மா, ராக்கெமோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெரிய அளவிலான மாணவர் தரவுகளை அலசிப் பார்த்தபோது, சீருடையால் வருகையோ நடத்தையோ மேம்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

கென்யாவில் கதை வேறு. அங்கே 2003-ல் தொடக்கக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனாலும் சீருடையைப் பெற்றோர்தான் வாங்க வேண்டியிருந்தது. மேற்கு கென்யாவில் 328 பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வில், அவற்றில் ஒரு பகுதிப் பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர்களுக்கு இலவசச் சீருடை கொடுத்துப் பார்த்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் இருவரும் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தவர்கள். இடைநிற்றல் குறைந்தது. பதின்வயதுப் பெண்களின் திருமணமும் கர்ப்பமும்கூடக் குறைந்தன. அதே நாட்டில் நடந்த இன்னோர் ஆய்வு, ஏற்கெனவே சீருடை இல்லாதிருந்த பிள்ளைகளின் வருகைதான் அதிகமாக உயர்ந்தது என்றது. ஆனால், அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஆரம்பப் பலன் நீடிக்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் எளிது. 'போட்டுக்கொண்டு வா' என்ற உத்தரவால் பெரிதாக எதுவும் மாறவில்லை. 'இந்தா, போட்டுக்கொள்' என்று கொடுத்தபோது பிள்ளை பள்ளிக்கு வந்தது. தொடர்ந்து வர வேண்டுமென்றால், தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

வாசலில் நிற்கும் பிள்ளை

கட்டாயம் என்ற சொல் எங்கே கொண்டு விடும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே உதாரணம். கர்நாடகாவின் உடுப்பியில் தொடங்கிய ஹிஜாப் பிரச்னையில், சீருடை விதியைக் காட்டி மாணவிகள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2022 மார்ச் 15-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. அதே ஆண்டு அக்டோபர் 13-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினார்கள். தடை சரி என்றார் நீதிபதி ஹேமந்த் குப்தா. பெண் குழந்தைகளின் படிப்புதான் முதன்மை என்று தடையை ஏற்க மறுத்தார் நீதிபதி சுதான்ஷு துலியா. சட்டச் சிக்கல் ஒருபக்கம் இருக்க, இடையில் பல மாணவிகள் தேர்வு எழுதாமல் வீடு திரும்பினார்கள். விதி வென்றதா, தோற்றதா என்பதைவிட, வகுப்பில் ஓர் இடம் காலியானதுதான் பெரிய இழப்பு.

மதம் இல்லாமல் வறுமையாலும் இதே காட்சி நடக்கலாம். வேலை தேடி அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் போய்த் திரும்பும் இருளர் குடும்பத்தின் பிள்ளை, பாதி ஆண்டில் பள்ளியில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அளவெடுத்து, தைத்து வரும்வரை அதற்குச் சீருடை கிடையாது. அந்தப் பிள்ளையைத் தனியாக எழுப்பி நிற்கவைத்தால் என்ன ஆகும்? மறுநாள் வராது. அவ்வளவுதான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2009-ம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு, தொடக்கக் கல்வியைத் தொடரத் தடையாகும் எந்தச் செலவையும் குழந்தைமீது சுமத்தக் கூடாது என்கிறது. 17-வது பிரிவு, உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இங்கே 'கட்டாயம்' என்ற சொல் அரசுக்கானது, குழந்தைக்கானது அல்ல.

எட்டாம் வகுப்போடு நிற்கும் துணி

தமிழ்நாட்டின் திட்டத்தில் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் 12-ம் வகுப்பு வரை விலையில்லாமல் கிடைக்கிறது. பஸ் பாஸும் அப்படியே. 11-ம் வகுப்பில் சைக்கிள் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் 'புதுமைப்பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஆனால், விலையில்லாச் சீருடை மட்டும் 8-ம் வகுப்போடு நின்றுவிடுகிறது.

கல்வி உரிமைச் சட்டமும் 14 வயதோடு விடைபெறும் இடம் அதுதான். பையன் அப்பாவோடு படகில் போகத் தொடங்கும் வயது. பெண்ணை 'போதும் படிப்பு' என்று வீட்டில் நிறுத்த யோசிக்கும் வயது. படிப்பா, வேலையா என்று குடும்பம் தராசு பிடிக்கும் அந்த நேரத்தில், துணிச்செலவும் தையல் கூலியும் வேலைப் பக்கத் தட்டில் ஏறுகின்றன. 9-ம் வகுப்பு வாசலில் இன்னும் நான்கு ஆண்டுகளுக்குச் சீருடையை நீட்டிப்பது, கல்லூரியில் கொடுக்கும் 1,000 ரூபாய் வரை அந்தப் பெண் போய்ச் சேரக் கட்டும் பாலம்.

பெற்றோரும் பள்ளியும் செய்யக்கூடியவை

அரசு நீட்டிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு.

* 12-ம் வகுப்பு முடித்துப் போகும் மாணவர்களின் நல்ல நிலையிலுள்ள சீருடைகளைப் பள்ளியிலேயே வாங்கி வைத்து, தேவைப்படுபவர்களுக்குப் பெயர் வெளியே தெரியாமல் கொடுக்கலாம்.

* அளவு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லலாம். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. உள்ளூர்த் தையல்காரரைக் கொண்டு ஒரே நாளில் ஆல்ட்டர் செய்துவிடலாம்.

* பிள்ளை சீருடையில்லாமல் வந்தால், காரணத்தை வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்க வேண்டாம். தனியாகக் கேட்டாலே பல வீட்டுக் கதைகள் தெரியவரும்.

* சீருடை இல்லையென்று பிள்ளை திருப்பி அனுப்பப்பட்டால், பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.

அரசுப் பள்ளியில் சீருடை இருக்கட்டும். ஏரியில் பாடு உள்ள வீட்டுப் பிள்ளையையும் இல்லாத வீட்டுப் பிள்ளையையும் ஒரே நிறத்தில் உட்கார வைக்கும் துணி வேறெதுவும் இல்லை. ஆனால், அது வகுப்புக்குள் நுழைய வைத்திருக்கும் நிபந்தனையாக இருக்கக் கூடாது. முதலில் பிள்ளை உள்ளே வரட்டும். சட்டையைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.