ஐப்பசியில் மலையேற்றம்

யாழ்ப்பாணக் குடாநாடு சமநிலம். கீரிமலைக்குப் பெயரில் மலை உண்டேயன்றி ஏறுதற்குச் சிகரம் இல்லை. ஆதலின், இங்குள்ள இளைஞர் பத்துப்பேர் மலைநாட்டுக்குப் புறப்பட எண்ணும்போது, தூரத்தின் கணக்கை அறிந்திருப்பார்கள். ஏற்றத்தின் கணக்கை அறிந்திருக்கமாட்டார்கள். பயணத் திட்டங்கள் பிழைப்பது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

சிவனொளிபாதமலையை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் உயரம் 2,243 மீற்றர். டிசம்பர் மாதப் பூரணை முதல் வெசாக் பூரணை வரை யாத்திரைக் காலம். அப்போது வழிநெடுக விளக்குகளும் தேநீர்க் கடைகளும் ஆள் நடமாட்டமும் இருக்கும். பண்டைத் தமிழர் கூதிர் என வகுத்த ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அவ்வசதிகள் இல்லை. மேலும், இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், காலை வானம் தெளிந்திருந்தாலும் பிற்பகலில் இடிமழை பெய்வது வழக்கம். எனவே, இக்காலத்தில் மலை ஏறுவோருக்குக் கிடைப்பது முற்பகல் மட்டுமே.

அந்த முற்பகலைப் பங்கிடுவது எவ்வாறு? ஸ்கொத்லாந்து நாட்டு மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வகுத்தார். ஏறத்தாழ 5 கிலோமீற்றர் நடைக்கு ஒரு மணி நேரம்; அதனோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஆறேழு கிலோமீற்றர் வழி. ஏற்றமோ ஏறத்தாழ 1,000 மீற்றர். கணக்குப்படி மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் இது பழகிய கால்களுக்கான கணக்கு. படியேறிப் பழகாதவர் ஒருவர் குழுவில் இருப்பின், ஐந்து மணி நேரம் என வைத்துக்கொள்வதே தகும். குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகமேயாகும்.

ஆதலால், காலை 6 மணிக்குப் புறப்படும் குழு, எவ்விடத்தில் நின்றாலும் 11 மணிக்குத் திரும்புவதென்று ஊரிலிருக்கும்போதே முடிவு செய்துகொள்ளவேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது அம்முடிவைச் செய்வது எவர்க்கும் அரிது. வழியறிந்தவர் முன்னும், உடல்வலியுள்ளவர் கடைசியிலும் செல்ல, ஏனையோர் இடையில் நடக்கவேண்டும். தங்குமிடந்தோறும் ஆட்களை எண்ணிக்கொள்வது நன்று.

உயரம் ஏற ஏறக் குளிரும் ஏறும். 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறைவதால், கடற்கரையிலும் உச்சியிலும் உள்ள வேறுபாடு பதினான்கு பாகைக்கு மேலாகும். நனைந்த பருத்தியாடை உடற்சூட்டை விரைந்து போக்கிவிடும். ஆகவே மழையங்கியும், நனையாது பொதிந்த மாற்றுடையும், கம்பளிச் சட்டையும், கைவிளக்கும் ஒவ்வொருவரிடத்தும் இருத்தல் வேண்டும். வழியுணவுக்குப் பனங்கட்டியும் எள்ளுருண்டையும் ஏற்றவை. இடி முழங்கினால் வெளியான முகட்டையும் தனிமரத்தையும் இரும்புக் கைபிடிகளையும் விட்டு விலகவேண்டும். பயிற்சிக்குக் குடாநாட்டில் மலை இல்லையெனினும், வடமராட்சி மணற்காட்டின் மணற்குன்றுகளில் சில வாரம் சுமையோடு ஏறியிறங்கினால் கால்கள் உரம்பெறும்.

இவை யாவினும் முக்கியமானது ஒன்றுண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது, வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாட்டில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கையையும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாராமல் புறப்படுவது தகாது. எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால், புகையிரதச் சீட்டுக்குக் கொடுத்த பணம் வீணாகுமே என்ற எண்ணம் தலைவரைத் தடுமாறச் செய்யும். அதனாற்றான், பயணத்தை ஒத்திவைக்க நேரின் அந்த நட்டத்தை அனைவரும் பகிர்ந்துகொள்வதென்று முன்கூட்டியே பேசி வைத்தல் நலம். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வீட்டாரிடம் கொடுத்துச் செல்வதும் கடமையாகும்.

மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். புறப்பட்ட பத்துப்பேரும் பத்துப்பேராகவே திரும்பி வந்தால், உச்சியைக் காணாவிடினும் அப்பயணம் நன்கு நிறைவேறியதேயாகும்.