அறுபடாத கயிற்றால் வந்த வினை

கயிறு என்றால் நமக்கெல்லாம் ஒரே கேள்விதான்: எவ்வளவு கனம் தாங்கும்? கிணற்றடியிலும் அதைத்தான் கேட்டோம். பொறியியல் மேற்படிப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் பெரும்பாலும் அதுதான். அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டதால் ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

நானும் நண்பர் ஒருவரும் பங்கு போட்டு வாங்கிய 27 அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்று பெர்க்லியில் கட்டிக் கிடக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கோடைக்காற்று ஒரு தனி ரகம். உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் சூடேற, பசிபிக்கின் குளிர்காற்று கோல்டன் கேட் இடுக்கு வழியாக உள்ளே பாயும். காலையில் சாதுவாக இருப்பது, மதியத்துக்கு மேல் 20, 25 நாட் வேகத்துக்கு ஏறிவிடும் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்).

காற்று ஏறினால் பாயைக் குறைக்க வேண்டும். முன்பாயைக் குறைக்க உதவும் சாதனம்தான் ஃபர்லர். அணியத்திலிருந்து (படகின் முன்முனைக்கு நம் மீனவர்களின் சொல்) பாய்மர உச்சிக்குப் போகும் கம்பியின் மேல் சுழலக்கூடிய ஓர் அலுமினியக் குழல். அதன் அடியில் நூற்கண்டு போல ஓர் உருளை. பாயின் ஓரம் குழலில் கோத்திருக்கும். பாய் விரியும்போது குழல் சுழன்று, கயிறு உருளையில் சுற்றிக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்து அந்தக் கயிற்றை இழுத்தால், கோரைப்பாயைச் சுருட்டுவது போல முன்பாய் சுருண்டுவிடும். அதாவது, பாய் விரிந்திருந்தால் உருளை நிறைந்திருக்கும். சுருண்டிருந்தால் ஏறக்குறைய காலி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழைய கயிறு வெயிலில் நைந்துபோயிருந்தது. நங்கூரத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய 10 மி.மீ. நைலான் கையில் இருந்தது. ஏறக்குறைய இரண்டு டன் தாங்கும். இதைவிட வேறென்ன வேண்டும் என்று மாட்டிவிட்டேன்.

அன்று என் ஏழு வயது மகளும் படகில் இருந்தாள். அல்கட்ராஸ் தீவைத் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. பாயைப் பாதி சுருட்டிக் கயிற்றைக் கட்டினேன். அடுத்த வீச்சில் நைலான் ரப்பர் போல நீள, பாய் தானாகவே ஒரு முழம் விரிந்தது. மறுபடி இழுத்தேன், அசையவில்லை. தடித்த கயிறு உருளைக்குள் அடங்காமல், ஒரு சுற்று இன்னொன்றின் அடியில் புதைந்து இறுகியிருந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி ஓடியது. "அப்பா, கவிழ்ந்துடுமா?" என்றாள். "கவிழாதும்மா" என்று சொன்ன குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

சுக்கானில் இருந்த நண்பர் படகைத் திருப்பிக் காற்றை முதுகில் வாங்கினார். அப்போது பெரிய பாயின் மறைவில் முன்பாய் துவண்டுவிடும். நான் முழங்காலில் ஊர்ந்து அணியத்துக்குப் போய், திருப்புளியால் சிக்கலை நெம்பி எடுத்தேன். கயிறு அறுபடவேயில்லை. அதன் பலத்தில் எந்தக் குறையும் இல்லை!

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதலாவது, நீளுமா? நைலான் நீள்வதால்தான் நங்கூரத்துக்கு நல்லது. அலையின் வெட்டை அது வாங்கிக்கொள்ளும். ஃபர்லருக்கு அதுவே வினை. இங்கே வேண்டியது பாலியெஸ்டர். டைனீமா அதைவிடவும் நீளாது. ஆனால் விலை அதிகம், வழுக்கும்.

இரண்டாவது, உருளைக்குள் அடங்குமா? எங்கள் முன்பாயின் அடிநீளம் சுமார் 4 மீட்டர். சுருளின் சுற்றளவு சராசரி 25 செ.மீ. என்றால் 16 சுற்று. சுருண்ட பாயின் மேல் அதன் கயிறுகளும் இறுகச் சுற்ற மூன்று, உருளையில் எப்போதும் மிச்சம் இருக்க மூன்று. ஆக 22. உருளையில் ஒரு சுற்றுக்கு 30 செ.மீ. வீதம் 6.6 மீட்டர் அதற்குள் அடங்க வேண்டும். அணியத்திலிருந்து நம் கைவரை 8, பிடிக்க 2. மொத்தம் 17 மீட்டர் போல வாங்கினால் சரி.

மூன்றாவது, கை பிடிக்குமா? 6 மி.மீ. கயிறு உருளையில் அழகாக அடங்கும், ஆனால் உள்ளங்கையை அறுக்கும். எங்களுக்கு 8 மி.மீ. இரட்டைப் பின்னல் பாலியெஸ்டர் தோதுப்பட்டது. கையால் இழுக்கும் கயிற்றுக்கு அதன் பலம் (ஒரு டன்னுக்கு மேல்) தாராளம். அதுவும் அடங்காத சின்ன உருளையென்றால், டைனீமா உட்சரடு கொண்ட கயிறு வாங்கி, உருளையில் சுற்றும் பகுதிக்கு மட்டும் மேலுறையை உரித்துவிடுவார்கள்.

நான்காவது, எங்கே உரசும்? கயிறு உருளையின் நடுப்பகுதிக்கு, குழலுக்குச் செங்குத்தாக வந்து சேர வேண்டும். கடைசிக் கப்பி சற்று மேலோ கீழோ இருந்தால், கயிறு ஒரே பக்கம் குவிந்து சிக்கும். விளிம்பில் உரசித் தேயும்.

மாற்றுவது சுலபம். காற்றில்லாத காலையில், பாய் சுருண்டு உருளை காலியாக இருக்கும்போது செய்யுங்கள். கைப்பக்கம் இருக்கும் பழைய கயிற்றின் நுனியோடு புதிய கயிற்றின் நுனியை முட்டவைத்து ஊசிநூலால் தையுங்கள். முடிச்சுப் போட்டால் கப்பியில் நுழையாது. அணியத்திலிருந்து இழுத்தால் புதியது எல்லாக் கப்பிகளின் வழியாகவும் வந்து சேரும். பிறகு பழையதைக் கழற்றி, அது சுற்றியிருந்த அதே திசையில் புதியதைச் சுற்றுங்கள். திசை மாறினால் பாய் தலைகீழாகச் சுருண்டு, வெயில் தாங்கும் பட்டை உள்ளே போய்விடும்.

இன்னொன்று: பாயை விரிக்கும்போது கயிற்றை அப்படியே விட்டுவிடாதீர்கள். லேசாகப் பிடித்துக்கொண்டே விட்டால்தான் சுற்றுகள் ஒழுங்காகப் படியும். இப்போது எங்கள் படகில் அந்த வேலை என் மகளுடையது. கையுறை மாட்டிக்கொண்டு, சுற்றுகளை உரக்க எண்ணியபடி கயிற்றை விடுகிறாள்.