உறைபனி பிளந்த கூரை

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில், தேம்ஸ் ஆற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது கெல்ம்ஸ்காட் மேனர். 1600ஐ ஒட்டி ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய சுண்ணாம்புக்கல் வீடு. கலைஞரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1871இல் இதை ஓவியர் ராசெட்டியோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்தார். வீட்டுக்குப் பேர் வந்தது அதனால்தான். பார்க்க வருகிறவர்கள் மாரிஸ் வடிவமைத்த துணிகளைத் தேடி உள்ளே போய்விடுகிறார்கள். கொஞ்சம் வெளியே நின்று கூரையை அண்ணாந்து பார்ப்பது நல்லது. சுவரைப் போலவே கூரையும் கல்.

இந்த வட்டாரத்தில் சில சுண்ணாம்புக்கற்கள் ஏடு ஏடாகப் பிரியும். ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் அதைப் பிரிக்கும் வேலையை உறைபனியிடமே விட்டார்கள். பூமிக்கடியிலிருந்து எடுத்த கல்லை ஈரம் காயவிடாமல் வைத்திருந்து குளிர்காலத்தில் வெட்டவெளியில் பரப்புவார்கள். உள்ளே ஊறிய நீர் உறைந்து விரியும்போது கல் நெகிழும். பிறகு சுத்தியலால் தட்டினால் பலகையாகப் பிரிந்துவரும். உறைவதற்குள் ஈரம் காய்ந்துவிட்டால் அந்தக் கல் ஓட்டுக்கு ஆகாது.

இப்படிக் கிடைக்கும் ஓடுகள் ஒரே அளவில் இருக்காது. பெரியவற்றை இறவாரத்தில் போட்டு, மேலே போகப்போகச் சிறியவற்றை அடுக்கி முகட்டில் முடித்தார்கள். மீன் செதிலைப் போன்ற அந்த வரிசை மாரிஸுக்கு மிகவும் பிடித்திருந்தது. அதில் கணக்கும் உண்டு: மழைநீர் அதிகம் சேரும் கீழ்வரிசையில் பெரிய ஓடு இருந்தால் இணைப்புகள் குறையும், சின்னக் கல்லும் வீணாகாது.

ஓடு கரடுமுரடானது, நீரையும் உறிஞ்சும். மழை தங்காமல் ஓட வேண்டுமென்றால் கூரை நன்றாகச் சரிந்திருக்க வேண்டும். சுமார் 50 பாகைச் சாய்வு. அகலமான வீட்டுக்கு அத்தனை சாய்வு வைத்தால் கூரை மலைபோல உயர்ந்துவிடும். அதனால்தான் இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பெரும்பாலும் ஓர் அறை அகலத்திலேயே நின்றுவிட்டன. இடம் போதாதபோது பக்கத்தில் இன்னொரு பகுதியைக் கட்டி அதற்குத் தனிக்கூரை போட்டார்கள். கெல்ம்ஸ்காட்டின் வடகிழக்குப் பகுதி 17ஆம் நூற்றாண்டில் அப்படிச் சேர்ந்ததுதான். முக்கோணச் சுவர்களுக்குப் பின்னால் மிஞ்சிய உயரமும் மச்சு அறைகளாகிவிட்டது.

இந்தக் கல் ஓடுகளின் எடையெல்லாம் தொங்குவது ஓக் மர முளைகளில். ஒவ்வொரு ஓட்டின் தலைமாட்டிலும் ஒரு துளை போட்டு, முளையைச் செருகி, ரீப்பரில் மாட்டிவிடுவார்கள். காலப்போக்கில் முதலில் கெடுவது முளையும் ரீப்பரும்தான். அப்போது ஓடுகளை இறக்கி, அளவு பார்த்துத் தரையில் அடுக்கி, மரத்தை மட்டும் மாற்றிவிட்டு, நல்ல ஓடுகளைத் திரும்ப மேலே ஏற்றுவார்கள்.