சிறு ரைபிள்: வாங்குமுன் அறிய வேண்டுவன

நீலகிரியில் தேயிலையும் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிடும் அங்கத்தினர்கள் சிலர், சங்கத்தின் தணிக்கை முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், நம்மிடம் ஒரு வினாவைத் தவறாது எழுப்புகின்றனர். “முயலும் காட்டுப்பன்றியும் விளைச்சலை அழிக்கின்றன. குறி தவறாததும் விலை மலிவானதுமான சிறு ரைபிள் எது? அதற்குச் சங்கத்தில் கடன் கிடைக்குமா?” என்பதே அவ்வினா. உழைத்து வளர்த்த பயிர் ஓரிரவில் பாழாவதைக் கண்டவரின் மனக்குறையை நாம் உணர்கிறோம். ஆயினும், கடன் வாங்கிச் சிறைக்குச் செல்லும் நிலை எவருக்கும் நேரலாகாது. ஆகவே இவ்வினாவை இங்கு முறையாக ஆராய்வோம்.

ரைபிளின் இயல்பு

நெசவாளர் நூலின் பருமனை நம்பரால் குறிப்பதுபோல, துப்பாக்கியைக் குழலின் உள்விட்டத்தால் குறிப்பர். பாயின்ட் 22 என்பது ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் நூறில் இருபத்திரண்டு பங்கு. குழலின் உட்புறம் திருகுமரை வெட்டப்பட்டிருப்பதால் குண்டு சுழன்றுகொண்டே செல்லும். சுழல்வதால் நேராகச் செல்லும். மரையில்லாத வழவழப்பான குழலையுடைய ரவைத் துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் இதுவே வேற்றுமை.

இவ்வகையில் மிகுதியாக வழங்கும் ‘லாங் ரைபிள்’ தோட்டா 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. அதன் ஈயக்குண்டின் வழக்கமான எடை 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். வேகம் நொடிக்கு 320 மீட்டர் முதல் 380 மீட்டர் வரை. 50 மீட்டருக்குக் குறி திருத்திய ரைபிளில், 100 மீட்டர் செல்வதற்குள் குண்டு சுமார் அரை அடி தாழ்ந்துவிடும். இது முயல் போன்ற சிற்றுயிருக்கும் இலக்குப் பலகைக்கும் ஏற்ற அளவேயன்றிக் காட்டுப்பன்றிக்கு ஏற்றதன்று. காயம்பட்ட பன்றி புதருள் மறைந்து, மறுநாள் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்கள்மீது பாயக்கூடும்.

செம்மையும் சிக்கனமும்

விலை மிகுந்த ரைபிளே குறி தவறாதது என்பது பிழையான எண்ணம். விற்பனையாளரின் சொல்லைவிடச் சோதனையே சான்று. அனுமதி பெற்ற சுடுதளத்தில், மணல்மூட்டை மீது ரைபிளைச் சாய்த்து, 25 மீட்டரில் ஒரே புள்ளியை நோக்கி ஐந்து முறை சுடவேண்டும். ஐந்து துளைகளும் நெருங்கி அமைந்தால் குழல் நல்லது. அவை நெருங்கியிருந்தும் புள்ளியைவிட்டு விலகியிருந்தால் குறிமுனையைத் திருத்தினால் போதும். துளைகள் சிதறினால் குழலிலோ, தோட்டாவிலோ, சுடுவோர் கையிலோ குறை உண்டு. ஒரே ரைபிள் ஒரு வகைத் தோட்டாவில் நன்றாகவும் மற்றொன்றில் மோசமாகவும் சுடுவது இயல்பாதலால், இரண்டு மூன்று வகைகளைச் சோதிப்பது நலம்.

பழைய ரைபிளாயின் குழல்வாயின் விளிம்பில் வடு உண்டா, உள்ளே துரு உண்டா, போல்ட் இறுகப் பூட்டுகிறதா, விசை சீராக விடுபடுகிறதா என்று பார்க்கவேண்டும். உதகை போன்ற ஈரம் மிகுந்த மலையில் எண்ணெயிட்டுத் துடைக்காத குழல் விரைவில் கெடும். வாங்கும் விலை ஒருமுறைச் செலவு. தோட்டா, பராமரிப்பு, லைசென்ஸ் புதுப்பித்தல், பூட்டிவைக்கும் பெட்டி ஆகியவை தொடரும் செலவுகள். இவற்றையும் கூட்டிப் பார்த்தபின்னரே மலிவு எதுவெனத் தீர்மானிக்கலாம்.

சட்டம் கூறுவது

நீலகிரியில் வேட்டைக் கட்டுப்பாடு புதிதன்று. 1877இல் இங்கு வேட்டைச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. 1879இல் சென்னை மாகாண அரசாங்கம் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. அளவின்றிச் சுட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்பதை வேட்டையாடியவர்களே உணர்ந்ததன் விளைவு அது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், தொடக்கத்தில், சிறு விலங்கு வேட்டைக்கெனத் தனி லைசென்ஸ் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை லைசென்சுகளை நீக்கிவிட்டது. ஆகவே முயலையோ காட்டுக்கோழியையோ வேட்டையாட இன்று அங்கத்தினர் எவருக்கும் லைசென்ஸ் கிடையாது. கண்ணி வைத்தலும், சுட முயலுதலும்கூட வேட்டையாகவே கருதப்படும். காற்றுத் துப்பாக்கியால் கொன்றாலும் குற்றம் குற்றமே. பயன்படுத்திய ஆயுதமும் வாகனமும் பறிமுதலாகும்.

ஆயுதம் வைத்திருப்பதற்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வேறாக உண்டு. பயிர்க்காவலுக்கென அச்சட்டம் பெயரிட்டுக் கூறுவது குழல்வாய் வழியே மருந்திடும் துப்பாக்கியை, ரைபிளை அன்று. அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்தின் உறுப்பினருக்கு இலக்குப் பயிற்சிக்காக லைசென்ஸ் வழங்கவும் அச்சட்டத்தில் வழி உண்டு. துப்பாக்கி லைசென்ஸ் வேட்டை அனுமதியாகாது என்பதை அங்கத்தினர்கள் நன்கு மனத்தில் இருத்துதல் வேண்டும்.

காட்டுப்பன்றி குறித்து 2025 ஜனவரியில் தமிழக அரசாங்கம் ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடப்படும்; 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடுவர். விவசாயி தாமே சுடுவதற்கு இதில் இடமில்லை. காட்டை ஒட்டியே தோட்டங்கள் அமைந்த நம் மலையில் 3 கிலோமீட்டர் என்பது பலருக்கும் எட்டாத தொலைவு.

மலைச்சரிவின் அபாயம்

சட்டம் ஒருபுறமிருக்க, வேறொரு காரணமும் உண்டு. இச்சிறு குண்டு ஒரு மைலுக்கு மேலும் செல்லவல்லது. கல்லில் பட்டுத் தெறித்துத் திசைமாறவும் கூடும். இங்கு ஒரு சரிவிலிருந்து தவறும் குண்டு எதிர்ச்சரிவில் உள்ள தொழிலாளர் குடியிருப்பில் சென்று தைக்கலாம். இரவில் பன்றி என்று நினைத்துச் சுட்டது மனிதராக இருந்துவிட்டால், அவ்விழப்பை எந்தச் சங்கமும் ஈடுசெய்ய இயலாது.

செய்யத்தக்கவை

பயிர்ச்சேதம் நேர்ந்தவுடன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து நஷ்டஈடு கோரவேண்டும். தனித்தனியே துப்பாக்கி தேடுவதைவிட, அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் பத்துப்பேர் கூடி ஒரே வேலி அமைப்பது சிக்கனமானது. சூரிய மின்வேலி அமைப்போர் 2023ஆம் ஆண்டின் தமிழக மின்வேலி விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் இணைத்தல் யானையையும் கொல்லும், அயலாரையும் கொல்லும், அது கடுங்குற்றம்.

குறிபார்த்துச் சுடுவதில் மெய்யான ஆர்வமுடைய இளைஞர்கள் ரைபிள் சங்கத்தில் சேர்ந்து, 10 மீட்டர் காற்று ரைபிளில் தொடங்கலாம். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா நம் நாட்டுக்குத் தங்கப் பதக்கம் பெற்றுத்தந்தது அப்போட்டியில்தான். செலவும் குறைவு, உயிர்ச்சேதமும் இல்லை.

ஆகவே நம் விடை இதுதான்: இலக்குப் பலகைக்கு ரைபிள் வேண்டுமெனில் சோதித்து வாங்குக, பயிரைக் காக்க வேண்டுமெனில் அண்டை அயலாரோடு கூடி வேலி அமைத்திடுக. தனித்து நிற்பவர் கையிலுள்ள துப்பாக்கியைவிடக் கூடி நிற்பவர் கட்டும் வேலியே உறுதியானது. கூட்டுறவு நமக்குக் கற்பிக்கும் பாடமும் அதுவேயன்றோ!